எந்த மார்க்கர் வாங்கலாம்? முதலில் வால்வைப் பற்றிக் கேளுங்கள்

அக்கா மகன் கோடை விடுமுறை முழுவதும் ஒரு மளிகைக் கிடங்கில் பெட்டி அடுக்கிப் பணம் சேர்த்திருந்தான். அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு பெயின்ட்பால் மார்க்கர், அதாவது எதிரணிக்காரர் மேல் சாய உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, வாங்கப் போவதாகச் சொல்லி, நான்கு கடைகளின் விலைப்பட்டியலோடு ஒரு சனிக்கிழமை காலை வந்து நின்றான். டொரண்டோவுக்கு வெளியே உள்ள காட்டு மைதானங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக விளையாடி, பல மார்க்கர்களைப் பிரித்துப் பூட்டி, சிலவற்றைப் பூட்டத் தெரியாமல் டப்பாவில் போட்டுவைத்திருக்கும் மாமா என்ற தகுதி எனக்கு இருந்தது. அவன் கேட்ட முதல் கேள்வி: “மாமா, இதில் எது அதிக தூரம் சுடும்?”

“எல்லாம் ஒரே தூரம்தான்” என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

ஆனால் அதுதான் உண்மை. வழக்கமான உருண்டை 0.68 அங்குல விட்டம் கொண்டது, அதாவது 17.3 மில்லிமீட்டர். ஜெலட்டின் தோலுக்குள் சாயம் நிரப்பியது, எடை ஏறத்தாழ 3 கிராம். திறந்தவெளி மைதானங்களில் அதன் வேகத்துக்கு வினாடிக்கு 300 அடி என்பதே பொதுவான உச்ச வரம்பு. 280 என்று இறுக்கிப் பிடிக்கும் மைதானங்களும் உண்டு. கூரைக்கு அடியில் நடக்கும் ஆட்டங்களில் இன்னும் குறைப்பார்கள். 300 அடி என்பது மணிக்கு ஏறத்தாழ 329 கிலோமீட்டர். ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வேகமானியின் எதிரே நிறுத்திச் சுடச் சொல்வார்கள். வரம்பைத் தாண்டினால் குறைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். நூற்றைம்பது டாலர் மார்க்கரும் ஆயிரத்து ஐந்நூறு டாலர் மார்க்கரும் அந்த வாசலைத் தாண்டும்போது ஒரே வேகத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரே எடை, ஒரே வேகம், ஒரே காற்று. தூரம் மட்டும் எப்படி மாறும்?

அப்படியானால் விலை எங்கே போகிறது? அந்த உருண்டையைத் தள்ளும் வாயு எப்படித் திறந்துவிடப்படுகிறது, அடுத்த உருண்டைக்கு இயந்திரம் எப்படித் தயாராகிறது என்பதில்தான் போகிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களுடைய பட்டியலில் ‘துப்பாக்கிப் படைத் தோற்றம்’, ‘போட்டி ரகம்’, ‘தொடக்க நிலை’ என்றுதான் பிரிவுகள் இருக்கும். மாட்டை அதன் மேல் போர்த்திய துணியின் நிறத்தை வைத்து வகைப்படுத்துவதைப் போன்றது அது. மேகஸினிலிருந்து உருண்டை வருகிறதா, மேலே உள்ள ஹாப்பர் என்னும் உருண்டைத் தொட்டியிலிருந்து விழுகிறதா என்பதும் சுடும் பொறியின் வகை ஆகாது. அது தீனி போடும் வழி. ஒருமுறை அழுத்தினால் ஒன்று, விட்டுவிட்டு அழுத்தினால் பல என்பதெல்லாமும் சுடும் முறையே தவிரப் பொறி அல்ல.

பொறியை வகைப்படுத்த மூன்று கேள்விகள் போதும். வால்வைத் திறப்பது எது? திறந்து முடித்தபின் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது யார்: உங்கள் கையா, மிஞ்சிய வாயுவா, மின்பலகையா? சும்மா இருக்கும் நேரத்தில் போல்ட் எங்கே நிற்கிறது, முன்னாலா பின்னாலா? போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். குழலுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும். முன்னே போகும்போது உருண்டையைக் குழலுக்குள் தள்ளி, மேலிருந்து அடுத்தது விழாமல் வாயை அடைக்கும். பின்னே வரும்போது வாயைத் திறக்கும்.

அவனுடைய பட்டியலில் இருந்த எல்லா மார்க்கர்களையும் இந்த மூன்று கேள்விகளால் சலித்தோம். நான்கு குவியலாக வந்தன.

கையால் அடிக்கும் பம்பு

முதல் குவியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் நான் சேர்த்தது. அவன் பம்பைப் பட்டியலிலேயே வைத்திருக்கவில்லை.

மார்க்கர் என்ற பெயரே இந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவில் நெல்சன் பெயின்ட் கம்பெனிக்காக டெய்சி நிறுவனம் செய்துகொடுத்த நெல்ஸ்பாட் 007 என்ற கருவி, வெட்டவேண்டிய மரங்களிலும் பிரிக்கவேண்டிய மாடுகளிலும் தூரத்திலிருந்தே அடையாளம் இடுவதற்காக வந்தது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கரில் பன்னிரண்டு பேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் கொடி பறிக்கும் ஆட்டம் ஆடினார்கள். வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர். அவர் ஒரு முறைகூடச் சுடாமலே எல்லாக் கொடிகளையும் எடுத்துவந்தார் என்பது பெயின்ட்பால் உலகம் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. தூரமாகச் சுடுவது எது என்று கேட்கும் மருமகன்களுக்காகவே நடந்தது போல எனக்குத் தோன்றும்.

நெல்ஸ்பாட்டில் ஒவ்வொரு முறையும் கருவியைச் சாய்த்து உருண்டையை உருட்டிவிட்டு, போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த வேலையைக் குழலுக்கு அடியில் உள்ள ஒரு பிடிக்கு மாற்றியபோது பம்பு பிறந்தது. பிடியைப் பின்னே இழுத்தால் போல்ட் திறக்கிறது. கூடவே சுத்தியல் போன்ற ஒரு எடை ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னே போய், சியர் என்னும் சிறு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. பிடியை முன்னே தள்ளினால் உருண்டை குழலுக்குள் போய் வாய் மூடுகிறது. விசையை (டிரிகரை) அழுத்தினால் கொக்கி விடுபட்டுச் சுத்தியல் பாய்ந்து வால்வை அடிக்கிறது. அவ்வளவுதான். சுத்தியல், வால்வு, போல்ட் மூன்றும் ஒரே குழாயில் வரிசையாக நின்றால் நெல்சன் வழி. சுத்தியலும் வால்வும் கீழ்க்குழாயிலும் போல்ட் மேல்குழாயிலுமாக இரண்டு அடுக்காக இருந்தால் ஷெரிடன் வழி. பம்பு மாடல்களில் சிசிஐ ஃபாண்டம் முதல் வழியின் வாரிசு, ஸ்னைப்பர் இரண்டாவதின் வாரிசு.

பம்பு வாயுவை மிச்சம் பிடிக்கும். வாயுவின் வேலை உருண்டையைத் தள்ளுவது மட்டும்தான். இயந்திரத்தைத் திரும்ப ஏற்றும் கூலியை உங்கள் கை கொடுத்துவிடுகிறது. சோடா புட்டியில் போடுவது போன்ற 12 கிராம் குப்பி ஒன்றில் இருபது முப்பது தடவை சுடலாம். பழுதாவதற்கு ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் ஓரிரண்டைத் தவிர ஒன்றும் இல்லை. உருண்டை நசுங்குவது அரிது, ஏனென்றால் போல்டை நகர்த்துவது உங்கள் கை. தடை இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

குறை வெளிப்படையானது. எதிரே நிற்பவன் பத்து சுடும் நேரத்தில் நீங்கள் இரண்டு சுடுவீர்கள். “அப்படியானால் எதற்கு மாமா?” என்றான். பம்பு எடுத்துப்போன நாட்களில் நான் மரத்தின் பின்னால் சும்மா நின்று சாயத்தை வீணாக்கியதே இல்லை, நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறேன் என்றேன். கிழவர்கள் சொல்லும் கதை என்று நினைத்திருப்பான்.

வாயுவே திருப்பி உதைக்கும் ரகம்

இரண்டாவது குவியல்தான் பெரியது. வாடகை மைதானங்களில் உங்கள் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான். டிப்மன் 98, ஸ்பைடர் ஆகிய இரண்டும் இதன் இரண்டு முகங்கள். டிப்மனில் எல்லாம் ஒரே குழாயில் வரிசையாக. கிங்மன் நிறுவனத்தின் ஸ்பைடரில் இரண்டு அடுக்காக. பம்பில் பார்த்த அதே இரண்டு வழிகள்.

இங்கே ஓய்வு நிலையில் சுத்தியலும் போல்டும் இணைந்தே பின்னால் கொக்கியில் நிற்கின்றன. விசையை அழுத்தினால் ஸ்பிரிங் இரண்டையும் முன்னே எறிகிறது. போல்ட் உருண்டையைக் குழலுக்குள் தள்ளி மூட, அதே கணத்தில் சுத்தியல் வால்வை இடிக்கிறது. திறந்த வால்விலிருந்து வாயு இரண்டு பக்கம் பிரிகிறது. ஒரு பங்கு முன்னே போய் உருண்டையைத் துரத்துகிறது. இன்னொரு பங்கு பின்னே திரும்பிச் சுத்தியலை உதைக்கிறது. சுத்தியல் போல்டையும் இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. மின்கலம் இல்லை, அழுத்தத்தைச் சீராக்கும் தனி ரெகுலேட்டர் கட்டாயம் இல்லை, நுணுக்கமான குழாய்கள் இல்லை. சேற்றில் விழுந்தால் துடைத்துவிட்டு ஆடலாம்.

இந்த எளிமையின் மறுபக்கத்தை நான் ஓர் ஏப்ரல் மாதத்தில் கற்றுக்கொண்டேன். பனி உருகி முடியாத காலை. வாடகைக்கு எடுத்த மார்க்கரில் கரியமில வாயு உருளை. நாலைந்து முறை விரைவாகச் சுட்டதும், விசையை ஒரே ஒருமுறை அழுத்தினால் மார்க்கர் தானாகவே தடதடவென்று நாலைந்தைக் கக்க ஆரம்பித்தது. நடுவர் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். விதி மீறி எதையோ மாற்றிவிட்டேன் என்று சந்தேகம். ஒன்றும் மாற்றவில்லை. சுத்தியலைக் கொக்கிவரை உதைத்துத் தள்ள வாயுவில் தெம்பு இல்லை. பாதி வழியில் நின்று, ஸ்பிரிங்கால் மறுபடி முன்னே எறியப்பட்டு, மறுபடி வால்வை இடித்துக்கொண்டிருந்தது. உருளை காலியாகும் நேரத்திலும் இதே கூத்து நடக்கும். உங்கள் மார்க்கர் திடீரென்று இயந்திரத் துப்பாக்கி போல ஆகிவிட்டால் மகிழ வேண்டாம், வாயு தீர்கிறது.

கரியமில வாயுவின் குணம் அது. உருளைக்குள் அது திரவமாக இருக்கிறது, மேலே ஆவி நிற்கிறது. அந்த ஆவியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 830 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 830 பவுண்டு. பூஜ்யத்தில் 500 சொச்சம். 30 பாகையில் ஆயிரத்தைத் தாண்டும். விரைவாகச் சுட்டால் திரவம் ஆவியாகும் வேகத்தில் உருளையே குளிர்ந்து அழுத்தம் இன்னும் இறங்கும். சமையல் எரிவாயு அடுப்பை நீண்ட நேரம் முழு வீச்சில் எரித்தால் உருளையின் அடிப்பக்கம் வியர்க்குமே, அதே காரணம். அடைத்த காற்று இப்படிப் பண்ணாது. உருளைக்குள் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐயில் வெறும் காற்று. வாயில் உள்ள ரெகுலேட்டர் அதை எண்ணூறோ நானூற்றைம்பதோ ஆக்கி, கடைசி மூச்சுவரை ஏறத்தாழ ஒரே அளவில் விடும். எந்த மார்க்கர் வாங்கினாலும் அடைத்த காற்று உருளையே வாங்கு என்று அவனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். மைதானத்தில் நிரப்பித் தருகிறார்கள். வேறு தயக்கத்துக்கு இடமில்லை.

இந்த ரகத்துக்கு இன்னும் இரண்டு குறைகள். கனமான இரும்புத் துண்டுகள் முன்னும் பின்னும் ஓடுவதால் கையில் குலுக்கல் தெரியும். அடுத்து, உருண்டை பாதி விழுந்திருக்கும்போது போல்ட் பாய்ந்தால் அதைக் கத்தரித்துவிடும். உள்ளே எல்லாம் சாயக் குழம்பு. அதற்குப் பின் அன்று நேராகச் சுடாது. விழும் வேகத்துக்கு மேல் விசையை அழுத்தாமல் இருப்பதே வழி. பதினெட்டு வயதில் அது முடிகிற காரியமா?

ஒரு வாரிசும் ஒரு தத்துப்பிள்ளையும்

இவை அவனுடைய தேர்வில் இல்லை. ஆனாலும் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

பட் ஓர் என்பவரின் வோர் கேம் புராடக்ட்ஸ் நிறுவனம் முதலில் ஸ்னைப்பர் பம்பைச் செய்துகொண்டிருந்தது. பம்பை இழுக்கும் கையின் வேலையை ஒரு குட்டிக் காற்று உருளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனைதான் ஆட்டோகாக்கர். விசையின் பாதி தூரத்தில் சுத்தியல் விடுபட்டுச் சுடுகிறது. மீதி தூரத்தில் மூன்றுவழி வால்வு ஒன்று திரும்பி, முன்பக்கம் உள்ள உந்துதண்டுக்குக் காற்றை அனுப்புகிறது. அது பின்பக்கக் கட்டையைத் தள்ளிப் போல்டைத் திறந்து சுத்தியலை ஏற்றுகிறது. விசையை விட்டதும் எல்லாம் எதிர்த்திசையில் நடந்து வாய் மூடுகிறது. மார்க்கருக்கு வெளியே தெரிய இத்தனையும் நடக்கும். பழைய நீராவி ரயிலின் சக்கரத் தண்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை மேசையில் வைத்து வெறுமனே இயக்கிப் பார்ப்பதே பொழுதுபோக்கு. ஆனால் இந்த நிகழ்வுகளின் நேர ஒழுங்கு ஒரு திருகு அளவு பிசகினாலும் உருண்டை நசுங்கும், இல்லையென்றால் சுடவே சுடாது. என்னுடைய டப்பாவில் இருப்பவற்றில் பாதி ஆட்டோகாக்கர் பாகங்கள்.

தத்துப்பிள்ளை என்று நான் சொல்வது ஏர்கன் டிசைன்ஸ் நிறுவனத்தின் ஆட்டோமேக். இதில் சுத்தியலே கிடையாது. அறைக்குள் அடைபட்ட காற்றே போல்டை முன்னே தள்ளப் பார்த்துக்கொண்டிருக்கும்; கொக்கி மட்டும் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். விட்டதும் போல்ட் பாய்ந்து, ஒரு ஓ-ரிங்கைக் கடந்ததும் காற்று முழுவதும் உருண்டையின் பின்னால் கொட்டும். ஸ்பிரிங் போல்டைத் திருப்பும். வாயு பின்னே உதைப்பதற்குப் பதில் முன்னே தள்ளும் ரகம். இதை வடிவமைத்த டாம் கே பிற்காலத்தில் தொல்லுயிர் ஆய்வுக்குப் போனார். டைனோசர் எலும்பில் கிடைத்த மென்திசு என்று கருதப்பட்டது பாக்டீரியாப் படலமாக இருக்கலாம் என்று 2008இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர்களில் அவர் ஒருவர். மார்க்கரைப் பிரிப்பதும் எலும்பைப் பிரிப்பதும் ஒரே குணம் போலிருக்கிறது.

போல்ட் முன்னால் நிற்பதா, பின்னால் நிற்பதா என்ற பழைய சண்டையை இங்கேயே முடித்துவிடலாம். பம்பும் ஆட்டோகாக்கரும் மூடிய போல்ட். மற்ற பெரும்பாலானவை திறந்த போல்ட். மூடியதில் உருண்டை ஏற்கெனவே குழலில் அசையாமல் இருக்கிறது, சுடும் கணத்துக்கு முன் கனமான எதுவும் ஓடுவதில்லை, ஆகவே குறி தப்பாது என்பது பழைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல் ஓடிய, லேசாக நசுங்கிய, உள்ளே திரவம் கலங்கும் 3 கிராம் உருண்டை முப்பது மீட்டருக்கு அப்பால் போகும் போக்கைப் பார்த்தால், போல்ட் எங்கே நின்றிருந்தது என்பது எந்த மூலைக்கும் வராது. புதிய உருண்டையும், அதன் அளவுக்குப் பொருந்திய குழலும் இருந்தால் குறி திருந்தும். இந்த வேறுபாட்டுக்காக ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

மின்பலகை ஏவும் காற்று

அவன் மனம் உண்மையில் ஒட்டியிருந்தது இங்கேதான். 1990களின் நடுவில் ஸ்மார்ட் பார்ட்ஸின் ஷாக்கரும், பிறகு பிரிட்டனிலிருந்து டபிள்யுடிபியின் ஏஞ்சலும் வந்தபோது ஆட்டம் மாறிவிட்டது. விசை இப்போது எந்தக் கொக்கியையும் விடுவிப்பதில்லை. ஒரு சிறு சுவிட்சைத் தொடுகிறது. மின்பலகை அதைப் படித்து, சொலினாய்டு என்னும் மின்காந்த வால்வைச் சில மில்லிவினாடிகள் திறக்கிறது. அந்த வால்வு விடும் காற்றே மற்ற பாகங்களை நகர்த்துகிறது. மின்சாரம் உருண்டையைத் தள்ளுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது வாசற்காவலாளி மட்டுமே.

மின்பலகை தரும் உண்மையான வரம் வேகம் அன்று, கண்கள். குழல் வாயின் இருபுறமும் அகச்சிவப்பு ஒளிக்கற்றை ஒன்று ஓடுகிறது. உருண்டை முழுதாக விழுந்து கற்றையை மறைத்தால்தான் பலகை சுட அனுமதிக்கும். கத்தரிக்கும் தொல்லை அநேகமாக ஒழிந்தது.

வேகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் விசையை அழுத்தத் தொடங்கினால் மீதியைப் பலகையே பார்த்துக்கொள்ளும் ‘ரேம்பிங்’ முறை போட்டிகளில் உண்டு. அமெரிக்காவின் என்எக்ஸ்எல் தொடரில் வினாடிக்கு 10.2 உருண்டை என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் 2000 உருண்டை. விசையிலிருந்து விரலை எடுக்காமல் சுட்டால் மூன்றேகால் நிமிடத்தில் பெட்டி காலி. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது, கிடங்கில் எத்தனை மணி நேரம் பெட்டி அடுக்கினால் அந்த மூன்றேகால் நிமிடம் கிடைக்கும் என்று அவனே கணக்குப் போட்டான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மின் மார்க்கரிலும் வால்வு என்ற முதல் கேள்வி மறைந்துவிடவில்லை. இரண்டு ஜாதி. ஒன்று பாப்பெட். மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இறக்க நடுக்குச்சியை அழுத்துவோமே, அதுதான் பாப்பெட். உள்ளிருக்கும் அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கிறது. குச்சியில் ஓர் அடி விழுந்தால் கணநேரம் திறந்து, தானே மூடிக்கொள்கிறது. பம்பு, டிப்மன், ஆட்டோகாக்கர் எல்லாமே பாப்பெட்தான். மின் ரகத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, சொலினாய்டு அனுப்பும் காற்றால் பாயும் உந்துதண்டு சுத்தியலாகிறது. 2005இல் வந்த பிளானட் எக்லிப்ஸின் ஈகோ இதற்குப் பேர்போனது. தேவையான காற்று மட்டும் கடப்பதால் சிக்கனம். ஆனால் அடி என்றால் அடிதான், கையில் உணர்வீர்கள்.

இன்னொன்று ஸ்பூல். இதில் அடி இல்லை. பீச்சாங்குழலின் தண்டு போல, போல்ட் தானே வால்வு. அதைச் சுற்றி ஓர் அறையில் அளந்த காற்று காத்திருக்கிறது. போல்ட் முன்னே வழுக்கி, அதன் மேல் உள்ள ஓ-ரிங் அடைப்பிடத்தைத் தாண்டியதும் அறை முழுவதும் உருண்டையின் பின்னே திறந்துவிடப்படுகிறது. நகர்வது ஒரே ஒரு இலேசான பாகம். குலுக்கல் குறைவு, ஓசை மெத்தென்று இருக்கும், மெல்லிய தோல் உருண்டையைக்கூட உடைக்காது. டை நிறுவனத்தின் மேட்ரிக்ஸ் இந்த வழியைப் புகழ்பெறச் செய்தது. பாப்பெட்டில் பெயர் எடுத்த எக்லிப்ஸே பிறகு ஜியோ, சிஎஸ் வரிசைகளில் ஸ்பூலுக்கும் வந்தது. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை கிரீஸ். வழுக்கும் ஓ-ரிங்குகள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் கசியும், முதல் சுடல் சோம்பும். காற்றையும் பாப்பெட்டைவிடச் சற்று அதிகம் குடிப்பது இதன் பழைய கெட்ட பெயர். புதிய வடிவங்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மின் மார்க்கருக்குள் கரியமில வாயுவை விடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த திரவத்துளி உள்ளே போனால் சொலினாய்டின் மெல்லிய அடைப்புகள் கெடும். மின்கலம் தீர்ந்தால் அன்றைய ஆட்டமும் தீர்ந்தது.

நடுவில் ஒரு குவியல்

நான்காவது குவியல் சிறியது, புதியது, என் கணிப்பில் அவனுக்கு மிகவும் பொருத்தமானது: மின்சாரம் இல்லாத ஸ்பூல். எக்லிப்ஸின் எமெக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விலையுயர்ந்த மின் மார்க்கர்களில் உள்ள அதே வகை வழுக்கும் போல்ட், ஆனால் சொலினாய்டு இருக்க வேண்டிய இடத்தில் விரலே திருப்பும் ஒரு சிறு காற்று வால்வு. மின்கலம் இல்லை, பலகை இல்லை, கண்களும் இல்லை. கண்கள் இல்லாவிட்டாலும் போல்ட் மென்மையாக நகர்வதால் உருண்டையைக் கத்தரிப்பது டிப்மன் ரகத்தைவிடக் குறைவு. உச்ச ரக மின் மார்க்கர் ஒன்றின் விலையில் இது நான்கைந்து வாங்கலாம்.

அதை டிப்மனோடு நேருக்கு நேர் நிறுத்தினோம். மாதம் இருமுறை, காட்டு மைதானம், அடைத்த காற்று, கையில் உள்ள பணத்தில் முகமூடியும் உருளையும் வாங்கியாக வேண்டும். மார்க்கரைத் துடைக்காமல் மூட்டையில் போட்டு அடுத்த மாதம் எடுப்பவன் என்றால் டிப்மன், அது கோபித்துக்கொள்ளாது. வாரக்கடைசியில் ஒரு கால்மணி நேரம் போல்டை உருவித் துடைத்து கிரீஸ் தடவுவேன் என்றால் எமெக்; அதே காற்றில் கூடுதலாகச் சுடலாம், கையும் குலுங்காது. போட்டிக் குழுவில் சேரும் எண்ணம் இருந்தால் மட்டும் மின் மார்க்கர், அதுவும் கண்கள் வேலை செய்யும் பழைய நல்ல மாடல் ஒன்றை இரண்டாம் கையில். உருண்டைக்குச் செலவழிக்கப் பணம் மிஞ்ச வேண்டும் என்றால் பம்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் இந்தப் பட்டியலே தவறு, 0.50 அங்குல உருண்டையும் ஸ்பிரிங் அழுத்தமும் கொண்ட குழந்தைகள் ரகத்தைப் பாருங்கள்.

“நீ கிரீஸ் தடவுவாயா?” என்று கேட்டேன். தடவுவேன் என்றான். தன் அறையைப் பெருக்குவேன் என்று அக்காவிடம் சொல்லும் அதே குரல். ஆனாலும் நம்பினேன்.

புதியது வாங்கவில்லை. இரண்டு பருவம் ஆடிய எமெக் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. மிச்சப் பணத்தில் இரட்டைக் கண்ணாடி வைத்த நல்ல முகமூடி வாங்க வைத்தேன். கடையில் நான் பிடிவாதமாக நின்ற ஒரே விஷயம் அது. அலுமினிய உருளை 48 கன அங்குலம், 3000 பிஎஸ்ஐ. கழுத்தில் பொறித்த சோதனைத் தேதி ஐந்தாண்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தோம். தேதி தாண்டியதை மைதானத்தில் நிரப்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துப் பிரித்தோம். பழைய சொந்தக்காரர் சத்தியமாகக் கிரீஸ் பார்த்ததே இல்லை. போல்டின் ஓ-ரிங்குகள் அப்பளம் போல வறண்டிருந்தன. இரண்டை மாற்றி, மற்றவற்றுக்குத் தடவி, பூட்டி, காற்று உருளையைத் திருகினோம். காதை வைத்துக் கேட்டான். எங்கேயும் சீறல் இல்லை. உருண்டை போடாமல் ஒருமுறை அழுத்திப் பார்த்தான், ‘டப்’ என்று ஒரு மெத்தென்ற சத்தம். மறுபடி அழுத்தினான். இருபது முறையாவது அழுத்தியிருப்பான்.

செய்தித்தாளைத் தாண்டி மேசையில் கிரீஸ் கறை எப்படி வந்தது என்று அக்கா கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.